சக்கரமா, கையா

அன்பு மகனுக்கு,

நான் நலம். கார் இப்போது என்னைவிட நலம். இந்த இரண்டு செய்திகளையும் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ என்னைப் பேச விடுவதில்லை. நோயாளிகளிடம் பேசிப் பழகிய குரலில் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே உன் முடிவை நோக்கி நகர்ந்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகவே உட்கார்ந்து முழுவதையும் படி. பொங்கலுக்கு வரும்போது என் காரைக் கிள்ளானுக்கு எடுத்துச் செல்லப்போவதாகவும், வாங்குவதற்கு ஆள் பார்த்து வைத்திருப்பதாகவும் நீ சொன்னாய். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதுதான் அந்தப் பதில்.

உன் வாதத்தை முதலில் நியாயமாக எடுத்துச் சொல்லிவிடுகிறேன். எதிராளி சொன்னதைத் திரித்துவிட்டு வெல்வது எனக்குப் பிடிக்காது. தீபாவளிக்கு வந்திருந்தபோது நீ என் காரை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போனாய். திரும்பி வந்து, நெடுஞ்சாலையில் கார் இடப்பக்கம் இழுக்கிறது, போதாக்குறைக்கு நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் அலைகிறது என்றாய். அதற்குச் சில வாரங்கள் கழித்து உன் பள்ளித் தோழன் குமரன், கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன், உனக்குப் போன் செய்தான். திரிங்காப் வளைவில் என் கார் நடுக்கோட்டைத் தாண்டித் தன் லோரிக்கு நேரே வந்ததாகவும், ஹார்ன் அடித்த பிறகுதான் விலகியதாகவும் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. நான் தாண்டியது உண்மை. நீ இரண்டையும் கூட்டிப் பார்த்தாய். கார் இழுப்பது இடப்பக்கம், அம்மா போனதோ வலப்பக்கம். ஆகவே காரின் மேல் பழி போட முடியாது, கோளாறு அம்மாவின் கையில் இருக்கிறது. காரை விற்றுவிட்டு அம்மாவை மலையிலிருந்து கீழே கொண்டுவந்துவிட வேண்டும். பார்வைக்கு ஒழுங்கான வாதம்தான். என் வகுப்பில் யாராவது இப்படி எழுதியிருந்தால் பாதி மதிப்பெண் கொடுத்திருப்பேன். நீ மருத்துவன். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலே நோய்க்குப் பெயர் வைத்துவிட்டாய் என்பதற்காக மீதிப் பாதியைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கார் போனால் அதோடு என்னென்ன போகும் என்பதை நீ யோசித்தாயா என்று தெரியவில்லை. இக்கடிதத்தை உன் மனைவியும் படிப்பாள் என்பதால் அவளுக்காகவும் சொல்கிறேன். தானா ராத்தாவில் நான் இருக்கும் வீட்டுக்கும், மீனாச்சி இருக்கும் எஸ்டேட் தொழிலாளர் லயத்துக்கும் நடுவே பேருந்து கிடையாது. மீனாச்சி என் வயதுக்காரி. காலமெல்லாம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருப்பவள். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். வாரந்தோறும் நான் போய் அவளை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்கு வருவேன். கட்டு மாற்றிய பிறகு இருவரும் மாமா கடை என்று எல்லோரும் சொல்லும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவள் குடிக்கக் கூடாத இனிப்புத் தேநீரைக் குடிப்போம். பாசாரில் கீரை வாங்குவோம். ஊரில் உள்ள எல்லோரையும் பற்றிப் பேசுவோம். இதைப் பெரிய சமூக சேவை என்று நினைத்துவிடாதே. அவள் பேச்சைக் கேட்காத வாரம் எனக்குக் கசந்து போகும், அவ்வளவுதான். கிள்ளானில் உன் வீடு வசதியானது. மின்தூக்கி இருக்கிறது, குளிரூட்டி இருக்கிறது, காலையும் மாலையும் பேசுவதற்கு ஆள் மட்டும் இருப்பதில்லை. இது குறை சொல்வதற்காக அல்ல. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், போகத்தான் வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ சிறுவனாக இருந்தபோது தாப்பா சாலையில் இறங்கும்போதெல்லாம் வாந்தி எடுப்பாய். காலையில் சாப்பிட்ட நாசி லெமாக்தான் காரணம் என்று உன் அப்பா அடித்துச் சொன்னார். எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் அல்லவா, ஒரு முடிவை எழுதிவிட்டால் அதை அடிப்பது அவருக்குப் பிடிக்காது. அடுத்த பயணத்தில் உன்னைப் பட்டினியாக ஏற்றி, கையில் இஞ்சி மிட்டாய் கொடுத்து, பின் இருக்கையில் இடமில்லாததால் முன் இருக்கையில் உட்கார வைத்தார். நீ வாந்தி எடுக்கவில்லை. "பாத்தியா, எல்லாம் இஞ்சி செய்யுற வேலை" என்றார். அதன் பிறகு வீட்டில் இஞ்சி மிட்டாய் டின் டின்னாக வந்து இறங்கியது. பின்னொரு நாள் உன் அத்தை முன்னால் ஏறிக்கொண்டாள். நீ வாய் நிறைய இஞ்சியோடு பின்னால் உட்கார்ந்து, வளைவு முடிவதற்குள் அவள் புடவையை நாசம் செய்தாய். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, பிறகு பார். பல்கலைக்கழகத்தில் எனக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர்கள் எத்தனையோ சொன்னார்கள். இன்றுவரை கூடவே வருவது இது ஒன்றுதான். காரிலும் இதைத்தான் செய்தேன்.

முதலில், நீ ஒன்றாகக் கட்டிச் சொன்ன இரண்டு நோய்களைப் பிரித்தேன். இழுப்பது வேறு, அலைவது வேறு. இழுக்கிற கார் எப்போதும் ஒரே பக்கம் போகப் பார்க்கும். ஸ்டீரிங்கைப் பிடித்த கையைத் தளர்த்தினால் பிடிவாதமாக அந்தப் பக்கமே திரும்பும். அலைகிற காருக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. ஒரு நேரம் இந்தப் பக்கம், ஒரு நேரம் அந்தப் பக்கம், திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதில் நம் மலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கென்றே ஒரு குருட்டுத்தனம் உண்டு. இங்கே நேரான சாலை ஏது? ஒரு வளைவு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கிவிடும். ஸ்டீரிங் எந்நேரமும் ஏதாவது ஒரு பக்கம் திரும்பியே இருப்பதால், கார் தானாக இழுப்பதும் நமக்கு இன்னொரு வளைவாகவே தோன்றும். மாதக்கணக்கில் அதை ஓட்டிய நான் உணராததை நீ ஒரே நாளில் நெடுஞ்சாலையில் உணர்ந்துவிட்டாய். அதற்காக உனக்கு நன்றி சொல்கிறேன். இது கேலி இல்லை.

நேரான சாலை வேண்டுமென்றால் லெம்பா பெர்த்தாமுக்குத்தான் இறங்க வேண்டும். பள்ளத்தாக்கின் அடியில், கூடாரம் போட்ட காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு துண்டுச் சாலை நேராகக் கிடக்கிறது. லோரிகள் சரக்கேற்றிப் போன பிறகு அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. மீனாச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். எந்தச் சாலையும் மழைநீர் வடிவதற்காக நடுவில் சற்று மேடாக இருக்கும்; இடப்பக்கம் ஓட்டுகிற நம் நாட்டில், நல்ல காரும் கொஞ்சம் இடப்பக்கம் சரியவே செய்யும். ஆகவே மேட்டின் முதுகில் வைத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். திரும்பி வரும்போதும் அப்படியே. இரண்டு தடவையும் இடப்பக்கம் இழுத்தது. சாலை குற்றவாளி இல்லை. பிரேக்கை மிதித்தும் பார்த்தேன், மிதிக்கும்போது இழுப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே பிரேக்கும் குற்றவாளி இல்லை. இதையெல்லாம் மீனாச்சி இடப்பக்க இருக்கையில் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு பார்த்திருந்தாள். "ஒரே ரோட்ட எத்தன தடவ டீச்சர் பாப்பீங்க? கீர வாங்கறதுன்னா வாங்கிட்டுப் போலாம் லா" என்றாள்.

அடுத்தது காற்று. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு முட்டாள்தனம் வெளியே வந்தது. அதில் எனக்கும் பங்குண்டு. மழை மாதங்களில் லயத்துக்கு ஏறும் செம்மண் பாதை சவர்க்காரம் தடவியதுபோல ஆகிவிடும். அப்போது இங்கே எல்லோரும் செய்வது இதுதான்: ஏற்றத்தின் அடியில் காரை நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிடுவோம். டயர் தட்டையாகப் படர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வந்ததும் பெட்ரோல் நிலையத்தில் மறுபடி அடைப்போம். எவ்வளவு அடைப்பது? அங்கே அளவுகாட்டி இருக்கிறது, ஆனால் நம் ஆட்கள் அதை நம்புவதில்லை. காலால் ஓர் உதை. உதை திரும்பி வந்தால் போதும். எனக்கும் இந்தப் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. வலச் சக்கரத்தை நான் உதைப்பேன். இடச் சக்கரம் மீனாச்சி இறங்கும் பக்கம் என்பதால் அதை அவள் உதைப்பாள். கட்டுப் போட்ட காலோடு ஒருத்தி எவ்வளவு பலமாக உதைப்பாள் என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. தொட்டும் தொடாமல் ஒரு தட்டு தட்டிவிட்டு, "கல்லு மாரி இருக்கு டீச்சர், போதும்" என்பாள். காலையில் வண்டியை அசைப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவுகாட்டியை வைத்துப் பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டிலும் காற்று குறைவு. இடப்பக்கத்தில் மிகவும் குறைவு. சரியாக அடைத்துக்கொண்டு மறுபடியும் பள்ளத்தாக்குச் சாலைக்குப் போனேன். அலைச்சல் ஏறக்குறைய நின்றுவிட்டது. இழுப்பு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இதைச் சொன்னபோது மீனாச்சி, இனிமேல் தான் அந்தப் பக்கச் சக்கரத்தைப் பார்க்கப்போவதில்லை என்றும், ஆனால் இவ்வளவு படித்தவர் அதைத் தன்னை நம்பி விட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

பிறகு டயர்களைத் தொட்டுப் பார்த்தேன். இதை நீயும் தெரிந்துகொள். உன் கார் வழவழப்பாக இருக்கிறது என்பதற்காக அதன் கால்களும் அப்படியே இருக்கும் என்று எண்ணாதே. உள்ளங்கையை டயரின் குறுக்கே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தடவு, பிறகு திருப்பித் தடவு. ஒரு பக்கம் போகும்போது வழுக்கி, மறுபக்கம் வரும்போது அரம் போல் கையைக் கிழித்தால் சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவில்லை என்று பொருள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் குறைவு. நம் மலையில் வளைவுகளில் தேய்ந்து தேய்ந்து முன் டயர்களின் வெளியோரம் முதலில் மொட்டையாகும். அது இங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. முன் டயர்கள் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. சென்ற ஆண்டு எஸ்டேட் பாதையில் ஒரு கல் வலப்பக்க டயரைக் கிழித்தபோது, அதை மட்டும் மாற்றினேன். இடப்பக்கத்து டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னும் சத இருக்கு டீச்சர், ஓடும்" என்று டயர்க்கடைக்காரர் சொன்னார்; நானும் சரி என்றேன். கிழிந்ததை மட்டும் மாற்றுவது இங்கே எல்லோருடைய வழக்கமும்தான். ஆக, ஒரு பக்கம் புதுக் கால், மறுபக்கம் வெளியோரம் தேய்ந்து கூம்பு போல் சரிந்த பழைய கால். கூம்பைத் தரையில் உருட்டினால் நேராகப் போகாது, ஒரு பக்கம் வட்டமடிக்கும்.

ஆனால் சந்தேகம் நிரூபணம் ஆகாது. டயர்க்கடைக்காரரின் பெயர் ரவி. நல்ல மனிதர், கை சுத்தம், முடிவுகளில் மட்டும் அவசரம். நான் போய், வேறு எதையும் தொடாமல் முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொன்னேன். இடது வலதாக, வலது இடதாக. ஒரு திசையில் மட்டும் ஓட வேண்டிய டயர்களை இப்படி மாற்றக் கூடாது. பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே கேட்டேன். அவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. தேய்ந்த டயரைத் தூக்கி எறியாமல் எதற்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, மிகுந்த பரிவோடு, உன்னைப் போலவே பேசினார்.

"டீச்சர், நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. காடிய மாத்தி மாத்திப் பாக்குறீங்க. வயசானா கை கொஞ்சம் அப்படித்தான் லா இருக்கும்."

"கையும் பட்டியலில் இருக்கிறது, ரவி. அது கடைசியில் வரும். முதலில் சக்கரத்தைக் கழற்றுங்கள்" என்றேன்.

கழற்றினார். வண்டியைத் தூக்கியபோதே சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்க்கவும் சொன்னேன். மூட்டுகளில் தளர்ச்சி எதுவும் இல்லை. மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளத்தாக்குச் சாலைக்குப் போனோம். கையைத் தளர்த்தினேன். கார் வலப்பக்கம் இழுத்தது. மகனே, அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உன் பட்டமளிப்பு விழாவில்கூட நான் அடைந்தேனா என்று தெரியவில்லை. இழுப்பு காரின் எலும்பில் இருந்திருந்தால் டயரை மாற்றினாலும் இடப்பக்கமே இழுத்திருக்கும். டயரோடு அது இடம் பெயர்ந்துவிட்டது; ஆகவே அது டயருடையது. ஒரே மாதிரி இரண்டு புது டயர்கள் வாங்கினேன். ஜோடியாக, ஒரே அளவில் தேய்ந்திருந்த பின் டயர்களை முன்னால் கொண்டுவந்து, புதியவற்றைப் பின்னால் போடச் சொன்னபோது ரவி தலையில் கை வைத்தார். புதுசை முன்னால்தானே எல்லோரும் போடுவார்கள் என்றார். மழைச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீண்டுவிடலாம், பின் சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகிவிடும் என்று விளக்கினேன். சொன்னபடி மாட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை.

இத்தோடு கடிதத்தை முடித்து, "பார்த்தாயா" என்று கையெழுத்துப் போட்டிருக்கலாம். நீயும் தோற்றுப்போனதாக ஒப்புக்கொண்டிருப்பாய். ஆனால் மீதி இருக்கிறது. அதை மறைத்தால் நான் செய்த சோதனை எல்லாம் வெறும் வக்கீல் வேலையாகிவிடும்.

ரவியின் கடையில் சக்கரங்களை நேர்ப்படுத்தும் இயந்திரம் இல்லை. அதற்கு ஈப்போவுக்குத்தான் போக வேண்டும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காலையிலேயே மீனாச்சியோடு கிளம்பினேன். ஈப்போவில் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்தார்கள். கார் புதுப்பெண் மாதிரி நடந்தது. திரும்பும் வழியில், மலை ஏறத் தொடங்குவதற்கு முன்பு உள்ள நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். முன்னும் பின்னும் வண்டி இல்லை. மீனாச்சி சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்:

"டீச்சர், எதுக்கு ரோட்டு நடுவுல போறீங்க? அங்க ஆரும் கொழுந்து எடுக்கல."

பார்த்தேன். கார் நடுக்கோட்டை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் கொண்டுவந்தேன். சற்று நேரத்தில் மறுபடியும் கோட்டுக்கு வந்துவிட்டது. கையைச் சற்றே தளர்த்தினேன். கார் அம்பு போல நேரே போயிற்று. பிடித்தேன், வலப்பக்கம் போயிற்று. என் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டிருந்தேன்: சாலை, பிரேக், காற்று, டயர், மூட்டு, சக்கரங்களின் நேர்மை. மிச்சம் இருந்தது நான்தான். ஓரமாக நிறுத்தினேன். நீ சொன்னது சரியாகிவிட்டது என்றே அப்போது நினைத்தேன். கிள்ளானில் உன் வீட்டு மாடியிலிருந்து தெரியும் வாகன நிறுத்தத்தை நினைத்துக்கொண்டேன். மீனாச்சி நான் தண்ணீர் குடிக்க நிறுத்தியிருப்பதாக எண்ணித் தன் பையிலிருந்து புட்டியை எடுத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் யோசனை மறுபடியும் நடக்கத் தொடங்கியது. என் கை வலப்பக்கம் இழுக்கிறது, சரி. எப்போதிலிருந்து? மாதக்கணக்காகக் கார் என்னை இடப்பக்கம், பள்ளத்தை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. நான் அதை உணரவில்லை. ஆனால் என் கை உணர்ந்திருக்கிறது. எனக்குச் சொல்லாமலே ஸ்டீரிங்கை வலப்பக்கம் பிடித்துப் பழகிவிட்டது. போதாக்குறைக்கு, பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மீனாச்சி, "ரைட்ல புடிங்க, ரைட்ல புடிங்க" என்று ஓயாமல் பாடம் நடத்தியிருக்கிறாள். இழுக்கிற டயர் இருந்தவரை என் பிழையும் அதன் பிழையும் ஒன்றையொன்று சமன் செய்தன. திரிங்காப் வளைவை இப்போது யோசித்துப் பார். வலப்பக்கம் திரும்பும் வளைவு அது. சாலை அங்கே வலப்பக்கமே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இடப்பக்க இழுப்பைத் தின்றுவிட்டது. எதிர்த்து நிற்க ஒன்றுமில்லாமல் போன என் கை, காரை நேரே குமரனின் லோரிக்குக் கொண்டுபோய்விட்டது. கோலா தெர்லாவுக்குப் போய் அவனிடமே கேட்டேன். பாவம், முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி நெளிந்தான். "ஒங்கள மாட்டிவிடணும்னு சொல்லல டீச்சர். பயந்துட்டேன் லா, அதான்" என்றான். அவன் சொன்னதுதான் சரி என்றேன். எந்த இடத்தில் கோட்டைத் தாண்டினேன் என்பதை மட்டும் காட்டச் சொன்னேன். நான் நினைத்த இடத்தையே காட்டினான்.

ஆகவே உன் கேள்விக்கு விடை இது. குற்றம் காரில் இருந்தது. பிறகு கையிலும் இருந்தது. காரிலிருந்துதான் கைக்கு வந்தது. கையை எப்படிக் குணப்படுத்தினேன் என்று கேட்பாய். லெம்பா பெர்த்தாம் சாலையில் நாள்தோறும் காலையில் ஓட்டினேன், கை தன் பழக்கத்தை மறக்கும் வரைக்கும். இளைஞனாக இருந்தால் ஓரிரு நாளில் மறந்திருக்கும். எனக்கு அதைவிட அதிகம் ஆனது. அந்த வித்தியாசத்துக்குப் பெயர் வயது. அதை நான் மறுக்கவில்லை. கண்ணையும் சோதித்துக்கொண்டேன், கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன். இருட்டிலும் கடும் மழையிலும் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஈப்போவுக்குத் தனியாக இறங்குவதில்லை என்பதும் சேர்த்தி. இவை உனக்காக விட்டுக்கொடுத்தவை அல்ல, சோதனையில் தெரிந்தவை.

ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். உன் மனைவி சென்ற மாதம் என்னிடம் பேசியபோது, நீ வேலையிலிருந்து வந்ததும் சிடுசிடுப்பதாகவும், கேட்டால் அவள்தான் முன்போல் இல்லை என்று சொல்வதாகவும் சொன்னாள். இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். வீட்டில் ஏதாவது ஒரு பக்கம் இழுக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மேல் முடிவை எழுதுவது எல்லாவற்றையும்விடச் சுலபம். நீ சரியாகத் தூங்குகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, மருத்துவமனையில் உன்னை எந்தப் பக்கம் இழுக்கிறார்கள், அதை எதிர்த்துப் பிடித்த கையை வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே வைத்திருக்கிறாயா என்றெல்லாம் ஒவ்வொன்றாகப் பார். எல்லாம் சரியாக இருந்தால், அப்போது அவளைச் சொல். அவள் என்னிடம் இதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நானும் இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

கார் விஷயத்தில் உன் பயம் நியாயமானது என்பதை நான் அறிவேன். என்னை நானே சோதித்து நானே தேர்ச்சி கொடுத்துக்கொண்டால் அதை எவரும் ஏற்க மாட்டார்கள். என் கை என்ன செய்கிறது என்பது எனக்கே தெரியாமல் இருந்தது என்று இப்போதுதான் எழுதினேன். அது நாளையும் நடக்கலாம். ஆகவே பார்ப்பதற்கு வேறொருவர் வேண்டும். வாரந்தோறும் பக்கத்தில் இருப்பவராக, என்னிடம் மரியாதைக்காகப் பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும். சென்ற சனிக்கிழமை மாமா கடையில் மீனாச்சியிடம் இதைச் சொன்னேன். நான் கோட்டைத் தாண்டினாலோ, தடுமாறினாலோ, என்னிடம் சொல்ல வேண்டாம், நேரே என் மகனுக்குப் போன் செய்துவிடு என்றேன். அவள் தேநீரை ஆற்றுவதை நிறுத்தினாள். அந்தக் கார் போனால் அவள் காலுக்குக் கட்டு மாற்ற வேறு வழி தேட வேண்டும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு கேட்டாள்:

"சொன்னா நீங்க எங்கிட்டக் கோவிச்சுக்குவீங்களா டீச்சர்?"

"கோபித்துக்கொள்வேன். இருந்தாலும் சொல்லு" என்றேன்.

"அப்ப சரி" என்றாள். அவளுடைய போனில் உன் எண்ணைப் பதிந்து கொடுத்திருக்கிறேன். அவள் அழைக்கும் நாளில் நீ வந்து சாவியைக் கேள். ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிடுவேன். அவள் அழைக்காத வரைக்கும், பொங்கல் சாப்பிட மட்டும் வா.

உன் அம்மா